அம்மாவின் தொழில்: பட்டச் சான்றிதழும் மலையகமும்

(ஹட்டனில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தோட்டப் பாடசாலை ஒன்றில் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆளாக நின்று, கரும்பலகையை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் எழுதிக் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அவரிடம் அகரம் எழுதிப் பழகியவர்களில் பட்டதாரிகள் இருக்கிறார்கள், பாடசாலை அதிபர்கள் இருக்கிறார்கள். கொழும்புக் கடைகளில் நிற்பவர்களும், இன்றும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த எழுத்து சிலர் கையில் சான்றிதழாக முடிந்தது, பலர் கையில் முடியவில்லை. அதற்குப் பிறகு இந்த இரு கூட்டத்தாரையும் ஊர் எப்படிப் பார்க்கிறது, வேலைச் சந்தை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, விடுதிக்கான விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய இரவு அது. தோட்டக் குடியிருப்பு வரிசையின் ஒற்றை அறையான லயக் காம்பராவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டு வந்தேன். ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் வந்தது. சற்று நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு ‘விவசாயம்’ என்று எழுதினேன். கடைசியில் பெற்றோர் கையொப்பம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேனா மையை அவருடைய பெருவிரலில் தடவி, தாளில் வைத்து அழுத்தினேன். கொழுந்துக் கறை ஏறி வெடித்துப்போன விரல் அது. ரேகை சரியாக விழாததால் இரண்டாம் முறையும் வைக்க வேண்டியிருந்தது. தன்னைப் பற்றி மகள் எழுதிய பொய்க்குக் கீழே என் தாய் கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுத என் கை ஏன் தயங்கியது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்தனை ஆண்டுகள் படித்தேன், கற்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நம்மைப் பற்றிப் பேசிய காகிதங்கள்

நம் மலையக மக்களைப் பற்றி எப்போதும் ஏதாவதொரு சீட்டுதான் பேசி வந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து கப்பலேறியவர்களுக்குத் தகர டிக்கெட் கொடுத்தார்கள். போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் பொறித்த சிறு தகர வட்டு. அதைப் பார்த்தால் போதும், ஆள் யாருக்குரியவர் என்று தெரிந்துவிடும். அவர் பெயரைக் கேட்கத் தேவையில்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகு ‘துண்டு’ வந்தது. இந்தத் தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று தோட்ட நிருவாகியான துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. ஒரு மனிதனின் உழைப்பு எவ்வளவு என்பதைக் காட்டாமல், அவன் எவ்வளவு கடன்பட்டவன் என்பதை மட்டும் காட்டிய காகிதம் அது. 1921இல்தான் சட்டத்தால் அது ஒழிந்தது.

சுதந்திரம் வந்தபோது அடுத்த காகிதம் வந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகே நாடற்றோர் என்ற நிலை முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் படிவத்தில் ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டியிருந்தது: நீர் வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா? பதிவுப் பிரஜை என்றால் சான்றிதழ் இலக்கம் வேண்டும். ஒரே நாட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்த இலக்கம் தேவைப்பட்டது.

இத்தனை சீட்டுகளுக்குப் பிறகு நம் வீடுகளுக்கு வந்ததுதான் பட்டச் சான்றிதழ். முன்னால் வந்தவை எல்லாம் பிறர் நம்மை என்னவென்று முடிவு செய்தார்களோ அதைச் சொன்னவை. இது ஒன்றுதான் நாம் உழைத்துத் தேடியதைச் சொன்ன முதல் காகிதம். லயக் காம்பராவின் முன்சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கறுப்பு அங்கி போட்ட மகளின் பட்டமளிப்புப் படத்தை ஏன் மாட்டுகிறார்கள் என்பது இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு விளங்கும். அந்தப் படத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் வீட்டிலும் அது இருக்கிறது.

பிந்தி வந்த பள்ளிக்கூடம்

அந்தச் சுவருக்குப் படம் வர ஏன் இத்தனை காலம் ஆனது? தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று 1907ஆம் ஆண்டிலேயே கிராமப் பாடசாலைச் சட்டம் சொன்னது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் இன்னும் அழுத்தி வைத்தது. ஆனால் பிள்ளையின் எழுத்தறிவு யாருக்கு வருமானமோ அவரிடம் அல்ல, யாருக்குச் செலவோ அவரிடம் அந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் ஓர் ஓரமோ, லயத்தின் கடைசிக் காம்பராவோ பள்ளிக்கூடமானது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பத்து வயதைத் தாண்டிய கைக்குக் கூடையோ மண்வெட்டியோ காத்திருந்தது.

1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. சிங்களக் கிராமத்திலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஏழைப் பிள்ளை அந்த வாசல் வழியாகப் பல்கலைக்கழகம் வரை போனது. நம் தோட்டப் பாடசாலைகள் நிருவாகங்களின் கையிலேயே இன்னும் ஒரு தலைமுறைக் காலம் இருந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான், 1970களின் பிற்பகுதி தொடங்கிக் கட்டம் கட்டமாக அவற்றை அரசு ஏற்றது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியால் வகுப்பறைகள் எழுந்தன. பிறகு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளே ஆசிரியராகும் காலம் அப்போதுதான் உண்மையில் பிறந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தாமதம். இந்த முப்பது ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் பலவற்றுக்கு அதுதான் வேர்.

வரிசை நகர்ந்துவிட்டது

1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் படித்த இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் நிறுவனக் குழு இலங்கையின் வேலையின்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பள்ளிக்கூடம் பிள்ளைகள் மனத்தில் வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளிதான் அதன் மையப் பொருள். அந்தக் குழுவில் இருந்த சமூகவியலாளர் ரொனால்ட் டோர், 1976இல் ‘த டிப்ளோமா டிசீஸ்’ என்ற நூலை எழுதினார். சான்றிதழ் நோய் என்று தமிழில் சொல்லலாம். பிரித்தானியா, ஜப்பான், கென்யாவோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: ஒரு நாடு எவ்வளவு பிந்தி வளர்ச்சிப் பாதைக்கு வருகிறதோ, அவ்வளவுக்கு அங்கே வேலைக்கு ஆள் எடுக்கச் சான்றிதழே அளவுகோலாகும். சான்றிதழ் பெற்றோர் பெருகப் பெருக, அதே வேலைக்குக் கேட்கும் தகைமையும் உயர்ந்துகொண்டே போகும். எட்டாம் வகுப்புப் போதும் என்றிருந்த வேலைக்குச் சாதாரண தரப் பரீட்சைத் தேர்ச்சி கேட்பார்கள், பிறகு உயர்தரத் தேர்ச்சி, அதற்கும் பிறகு பட்டம். செய்கிற வேலை மாறியிருக்காது. கேட்கிற காகிதம் மட்டும் மாறியிருக்கும்.

டோர் நாடுகளைப் பற்றிச் சொன்னதை நான் ஒரு நாட்டுக்குள் இருக்கும் சமூகங்களுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். பிந்தி வந்த சமூகத்துக்குத்தான் சான்றிதழின் பாரம் மிக அதிகம். சாதாரண தரத்தோடு ஒருவர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் ஆகக்கூடிய காலம் இந்த நாட்டில் இருந்தது. அப்போது நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் நின்றார்கள். நாம் சாதாரண தரத்துக்கு வந்தோம், உயர்தரம் கேட்டார்கள். உயர்தரத்துக்கு வந்தோம், பட்டம் கேட்டார்கள். இன்று பட்டத்தோடு போகிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சரளம் உண்டா, கணினிச் சான்றிதழ் உண்டா, அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். நாம் ஓடிப்போய் நிற்கும்போதெல்லாம் வரிசையின் வாசல் இன்னொரு தெருவுக்கு மாறியிருக்கிறது. ‘இவ்வளவு படிச்சும் வேலை இல்லியே’ என்று லயத்தில் ஒரு தகப்பன் மகனைப் பார்த்துச் சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் குறை அதில் எதுவும் இல்லை என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

பட்டத்திலும் எந்தப் பட்டம் என்ற கேள்வி இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். இந்த ஏற்பாடு நம் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது. ஆனால் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை முழு ஆசிரியர் பலத்தோடு நடத்தும் பாடசாலைகள் இங்கே சிலவே. அந்த ஒதுக்கீட்டு இடங்களைக் குறிவைத்து வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதிய பிரச்சினையும் நமக்குத் தெரியும். ஆக, நம் பிள்ளைகளில் மிகப் பலர் கலைப் பட்டதாரிகள். கலைப் பட்டத்துக்கு முன்னால் இருப்பது ஏறக்குறைய ஒரே கதவு: அரசாங்க ஆசிரியர் நியமனம். அது திறக்கும் வரை காத்திருப்பு.

ஆசிரியர் வேலை என்ற அந்தக் கதவுக்கு நாம் கொடுக்கும் விலையைச் சொல்ல ஒரு கணக்குப் போதும். 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தரம் தேறிய இளைஞர் யுவதிகளை ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். முதலில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போதிருந்த கூட்டு ஒப்பந்தப்படி வரவுக்கொடுப்பனவு முதலியவற்றையும் சேர்த்துத் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 620 ரூபா. பத்து நாள் முழுப் பேர் (முழு நாள் வேலைப் பதிவு) கிடைத்த தாயின் சம்பளம், ஒரு மாதம் முழுதும் கற்பித்த மகளின் கொடுப்பனவைவிடக் கூட. பின்னர் அது 10,000 ஆனது. அப்படியும் அந்தப் பிள்ளைகள் விடாமல் போனார்கள். பஸ் காசுக்கு அம்மா கொடுத்தார். ‘டீச்சர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத் தாயின் கொழுந்துக் காசு பாடசாலைக்கு நடந்தது. ஒரு சமூகம் மரியாதைக்கு எவ்வளவு பசித்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டவில்லை.

விலாசம்

சான்றிதழ் கையில் இருந்தும் வாசலில் தடுத்து நிறுத்தும் இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் விலாசம். லயங்களுக்கு நெடுங்காலம் வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு அல்லது கீழ்ப்பிரிவு, தபால் நகரம், அவ்வளவுதான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கே ஒரு பெட்டியிலோ மேசை ஓரத்திலோ கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எனக்கு வந்த முதல் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் வந்தது. உறை ஒரு பக்கம் ஈரம் பட்டுக் காய்ந்திருந்தது, தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் மேலே பதிந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம், எனக்கும் அப்படி நடந்தது என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து சொல்கிறார். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை இப்படித் தவறவிட்டவர்களும் உண்டு.

கடிதம் நேரத்துக்குக் கிடைத்துப் போனாலும், விண்ணப்பத்தின் தலைப்பில் இருக்கும் அந்த விலாசம் நமக்கு முந்திப் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கொழும்பில் வேலை தேடும் நம் இளைஞர்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தெரிந்தவர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறார்கள். ‘ஊர் எது?’ என்றால் ‘ஹட்டன் பக்கம்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நான் ‘விவசாயம்’ என்று எழுதினேனே, அதன் தொடர்ச்சிதான் இது. படிப்பைச் சொல்லும் வரியின் பலத்தைப் பிறப்பைச் சொல்லும் வரி குறைத்துவிடுகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

துரைக்கு யார் பட்டம் கேட்டார்?

தோட்டத்தின் மிக உயர்ந்த பதவிக்கு என்ன சான்றிதழ் கேட்டார்கள் என்று வரலாற்றைப் பார்ப்போம். வெள்ளைக்காரர் காலத்தில் உதவி நிருவாகியாக, அதாவது சின்னதுரையாக, வர விரும்பிய இளைஞன் ‘கிரீப்பர்’ என்ற பெயரில் பெரியதுரையிடம் தொழில் பழக வருவான். அதற்குப் பணமும் கட்டுவான். அவனிடம் பட்டம் கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், எந்தக் குடும்பம், என்ன விளையாட்டு ஆடுவான் என்று பார்த்தார்கள். தொழிலாளியோடு பேச அவனுக்கு வேண்டிய தமிழைக் கற்பிக்கக் கைநூல்கள் அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. கட்டளையிடத் தேவையான அளவு தமிழ் அவனுக்குப் போதுமென்று கருதப்பட்டது. பிறகு நம் நாட்டவர் அந்தப் பதவிக்கு வந்தபோதும் கொழும்பு, கண்டிப் பெரிய பள்ளிக்கூடங்களின் கழுத்துப்பட்டிதான் நெடுங்காலம் முதல் தகைமையாக இருந்தது.

அவனும் மலையில் நின்று, மழையில் நனைந்து, கவ்வாத்தையும் கொழுந்தையும் பார்த்துப் பழகித்தான் தொழில் கற்றான். அப்படிக் கற்பது நல்ல முறை. அதே மலையில் அவனைவிட முப்பது ஆண்டு கூட நின்றவர் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. அவருக்கு அந்தக் கல்வி கல்வியாக எண்ணப்படவில்லை. மேலே இருப்பவனுக்கு அனுபவமே தகைமையாயிற்று. கீழே இருப்பவனிடம் மட்டும் காகிதம் கேட்டார்கள். இன்று விவசாய பீடத்தில் பட்டம் பெற்ற தொழிலாளியின் மகன் துரையாக வருவது பெரும் செய்தியாகப் பேசப்படுகிறது என்றால், அது இன்னும் அரிதாக இருப்பதால்தான்.

காகிதம் இல்லாத கல்வி

இப்போது நம் பக்கம் திரும்ப வேண்டும். இந்தப் பேச்சின் கடினமான பகுதி இதுதான்.

நான் ஆசிரியராக இருந்த ஆரம்ப ஆண்டுகளில், கவனிக்காத பிள்ளையைத் திருத்த ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: ‘படிக்காட்டி கொழுந்து பறிக்கத்தான் போகணும்.’ என் ஆசிரியர்கள் எனக்குச் சொன்னது. நானும் சொன்னேன். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் வந்தார். வேலை முடிந்து நேரே வந்தவர், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குகூட அவிழ்க்கவில்லை. மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு, ‘நல்லா சொல்லுங்க டீச்சர். படிக்காட்டி என்னைப் போல கொழுந்துதான் பறிக்கணும்னு சொல்லுங்க’ என்றார். என் வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட வேலையைத் தண்டனையின் பெயராக்கி, அந்தத் தாயையே அதை ஏற்றுக்கொள்ள வைத்திருந்தோம். அன்றைக்குப் பிறகு அதை நான் சொன்னதில்லை. ஆனால் எத்தனை வகுப்புகளில் சொல்லிவிட்டேன் என்பது மனத்தைவிட்டு அகலவில்லை.

கொழுந்து எடுப்பதை நிருவாகக் கணக்கு திறன் இல்லாத வேலை என்ற வகையில் வைக்கிறது. பக்கத்தில் நின்று ஒரு முறை பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்வது எளிது. செடிக்குச் செடி தளிர் வேறு உயரத்தில் நிற்கிறது. முற்றியதை விட்டு, இளசைத் தொட்டு, அடுத்த வாரத்துக்கு வேண்டியதைச் செடியிலேயே நிறுத்தி, இரண்டு கையும் ஒன்றையொன்று பாராமல் ஓடுகின்றன. பறித்ததைக் கைக்குள் அதிக நேரம் இறுக்கி வைத்தால் இலை சூடாகிக் கெட்டுவிடும். நிறையுமுன்னே தோளுக்கு மேலால் கூடைக்குள் போக வேண்டும். கால் சறுக்கும் சரிவு, அட்டை, மழை. இப்படி 16, 18 கிலோ வந்தால்தான் பல தோட்டங்களில் ஒரு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் நாட்சம்பளமாக வந்தது எத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு என்பதை நீங்கள் அறிவீர்கள். உலகம் முழுதும் விலைபோகும் ஒரு சரக்கின் தரம் முதலில் தீர்மானமாவது இந்த விரல்களில். இதைக் கற்க ஒரு பெண்ணுக்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதால் அது கல்வி இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

நம் அறிவுலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வரலாற்றை மறதியிலிருந்து மீட்டு நூலாக்கியவர் சாரல் நாடன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். இன்று பல்கலைக்கழகத்தில் மலையக இலக்கியத்துக்கு ஆய்வுப்பட்டம் வாங்கும் மாணவர் இவர்களை மேற்கோள் காட்டாமல் ஒரு பக்கம் நகர முடியாது. பட்டங்கள் நிற்பதற்கான தரையை அமைத்ததில் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் பெரிய பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

முதலாவது, உயர்தர விஞ்ஞான, கணித ஆசிரியர்கள். பட்டத்தைக் குறை சொல்லிவிட்டு நம் பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்குள் அடைத்து வைப்பது பெரும் துரோகம். டாக்டரும் பொறியியலாளரும் விவசாய விஞ்ஞானியும் நம்மிலிருந்து வர வேண்டும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே கொழுந்து எடுக்கும் தாயின் பிள்ளை அதன் ஆய்வுகூடத்துக்குள் போவதற்கான பாதை தோட்டப் பாடசாலையிலிருந்தே போடப்பட வேண்டும். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கையும் அந்தப் பாதையின் ஒரு பகுதியாக நிற்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும், புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு தனி வீட்டுக்கும் இலக்கம், வீதிப் பெயர், நேரடித் தபால். இது பெரிய செலவில்லாத காரியம். ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பு ஓர் அலுவலக மேசை ஓரத்தில் கிடந்து வீணாகக் கூடாது.

மூன்றாவது, தொழில் தகைமை. நம் நாட்டில் தேசியத் தொழில் தகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது. ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகர். வேலை செய்து பெற்ற திறனைச் சோதித்து, அதற்குச் சான்றிதழ் தரும் வழியும் அந்த முறையில் உண்டு. மின்வேலை, வாகனத் திருத்தம், தாதியம், சமையற்கலை என்று இந்த வழியில் போகும் பிள்ளையை ‘படிப்பு ஏறாத புள்ள’ என்று சொல்லும் பழக்கத்தை முதலில் நம் வீடுகளில் நிறுத்துவோம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் திறனையும் அந்த முறைக்குள் முறையாகக் கொண்டுவந்து, மட்டத்துக்கு ஏற்ப சம்பளம் உயரும்படி தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

நான்காவது, வேலை கொடுப்போரிடம் ஒரு வேண்டுகோள். நம்மவர்களிலும் இன்று வேலை கொடுப்போர் இருக்கிறார்கள். விளம்பரம் எழுதுமுன் அந்த வேலைக்கு உண்மையில் எந்த அறிவு தேவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த அறிவைச் சோதியுங்கள். தேவையில்லாத இடத்தில் பட்டம் கேட்டால், பட்டம் பெற முடியாமல் போனவரின் வாசலையும் அடைக்கிறீர்கள், பட்டம் பெற்றவரின் நான்கு ஆண்டையும் மலிவாக்குகிறீர்கள்.

ஐந்தாவது, பட்டம் பெற்ற நமக்கு. ‘லயத்து ஆளுங்க’ என்ற சொல் இன்று யார் வாயிலிருந்து எந்தத் தொனியில் வருகிறது என்று கவனியுங்கள். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், ‘மாப்பிள்ளை டிகிரியா?’ என்ற கேள்விக்குப் பின்னால் வரும் அமைதியைக் கவனியுங்கள். நம் பாட்டன் கழுத்தில் தகர டிக்கெட்டைத் தொங்கவிட்டவர்கள் அவர் பெயரைக் கேட்கவில்லை. எந்தப் பட்டம் என்று மட்டும் கேட்டு, மனிதரைக் கேட்காமல் விடும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் படியுங்கள். பட்டம் பெறுங்கள். உங்கள் படத்தைச் சுவரில் மாட்டுங்கள். அந்தப் படம் சுவரில் நிற்பதற்கு ஆணி அடித்த கை யாருடையது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் தாய் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மரணத்தைப் பதியப் போனேன். பதிவாளர் பெயர், வயது, பெற்றோர் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது, வயதைப் பார்த்துவிட்டு, ‘வீட்டில்தானே இருந்தார்? ஒன்றுமில்லை என்று போடவா?’ என்று கேட்டார். ‘இல்லை ஐயா, கொழுந்து பறிப்பவர் என்று எழுதுங்கள்’ என்றேன். எத்தனை வருடம் செய்தார் என்று அவர் கேட்கவில்லை, அதற்குப் படிவத்தில் இடமும் இல்லை. ஆனாலும் சொன்னேன்: ‘நாற்பத்தொரு வருடம்.’ அவர் தலையசைத்துவிட்டு எழுதினார். கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். இந்த முறை நான் வைத்தேன்.